காலாண்டுத் தேர்வோடு கணக்கை விடலாமா?



ஆண்டுதோறும் காலாண்டுத் தேர்வின் விடைத்தாள்கள் திருத்தி வரும் நாட்களில் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நம் வீடுகளில் ஒரே பேச்சுத்தான் நடக்கிறது. "எனக்குக் கணக்கு வரலை அத்தா, நான் குரூப் மாத்திக்கிறேன்" என்கிறான் பையன். சில மாதங்களுக்கு முன்பு பத்தாம் வகுப்புக் கணக்கில் 72 வாங்கிய அதே பையன்தான். பள்ளிவாசலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பரிசு கொடுத்தோம். கணிதம், இயற்பியல், வேதியியல் உள்ள முதல் குரூப்பில் பெருமையோடு கொண்டுபோய்ச் சேர்த்தோம். இப்போது கணக்கில் 18.

உடனே ஆளுக்கொரு யோசனை சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். "நமக்கு எதுக்கு இந்தப் படிப்பு, கடையிலே வந்து உட்காரட்டும்" என்பார் அத்தா. "பதினெட்டு வயசு முடியட்டும், பாஸ்போர்ட் எடுத்து வை" என்று துபாயிலிருந்து மாமா போன் போடுவார். காமர்ஸ்தான் சுலபம் என்பார் பக்கத்து வீட்டுக்காரர். அவர் எந்தக் குரூப்பும் படித்தவரில்லை. சில பள்ளிக்கூடங்களோ, "டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள், பையனுக்கும் நல்லது" என்று நாசூக்காகச் சொல்லிவிடும். இத்தனை பேரில் ஒருவராவது அந்த விடைத்தாளை வாங்கி, பையன் எந்த இடத்தில் தவறு செய்திருக்கிறான் என்று பார்த்தாரா? பார்க்கவில்லை! 18 என்ற எண்ணைப் பார்த்தார்கள், தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

குரூப் மாற்றுவது குற்றமா என்று கேட்டால், இல்லவே இல்லை. எல்லோரும் கணக்குப் படித்துத்தான் ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. விடைத்தாளைப் பார்த்து, யோசித்து, அடுத்து உட்காரப் போகும் வகுப்பில் இடத்தையும் உறுதி செய்துகொண்டு மாறுகிறவனை நாம் தடுக்கப் போவதில்லை. வெட்கத்தில் விடுகிறானே, அதைத்தான் தடுக்க வேண்டும் என்கிறோம். ஏனெனில் நம் சமுதாயத்தில் குரூப் மாற்றம் பெரும்பாலும் குரூப் மாற்றத்தோடு நிற்பதில்லை. முதலில் குரூப் மாறுகிறான். புது வகுப்பிலும் பாதிப் பாடம் போய்விட்டதால் அங்கும் ஒட்டுவதில்லை. பிறகு வாரத்தில் இரண்டு நாள் லீவு, "கடையில் ஆள் இல்லை" என்று ஒரு காரணம், கடைசியில் புத்தகப் பை பரணில். எந்த நாளில் படிப்பை நிறுத்தினான் என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் தேதி சொல்லத் தெரியாது!

2006-ல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கையை மேடைதோறும் பேசியிருக்கிறோம். அதில் தமிழ்நாட்டைப் பற்றி வரும் ஒரு கணக்கை நாம் அதிகம் பேசியதில்லை. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழக முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 சதவீதம், மாநிலச் சராசரி 73.5 சதவீதம்தான். ஆக, நம் பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலை மிதிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அதே அறிக்கைதான், நாட்டின் முன்னணிக் கல்லூரிகளில் இளநிலை மாணவர்களில் 25 பேருக்கு ஒருவரும், முதுநிலையில் 50 பேருக்கு ஒருவரும்தான் முஸ்லிம் என்றும் சொன்னது. ஏறிய பிள்ளைகள் நடுவழியில் இறங்குகிறார்கள் என்பதே இதன் பொருள். அப்படி இறங்கும் நிறுத்தங்களில் ஒன்று பிளஸ் ஒன்.

சரி, 72 வாங்கியவன் எப்படி 18-க்கு வந்தான்? திடீரென்று புத்தி மழுங்கிவிட்டதா? பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் வடிவியல் வரைவதற்கு 8 மதிப்பெண், வரைபடத்துக்கு 8. அளவுகோலும் கவராயமும் கையில் இருந்தால், பழகிய பிள்ளைக்கு 16 மதிப்பெண் உறுதி. இன்னும் 'மெல்லக் கற்போர்' கையேடு என்று ஒன்றைக் கொடுத்து, இந்தக் கணக்கைப் போட்டுப் பார், அந்தக் கணக்கைப் போட்டுப் பார் என்று திரும்பத் திரும்ப எழுத வைத்துக் கரையேற்றி விடுவார்கள். அதைக் குறை சொல்வதற்கில்லை; அந்தக் கையேடு இல்லையென்றால் பல பிள்ளைகள் பத்தாம் வகுப்பையே தாண்டியிருக்க மாட்டார்கள். ஆனால் பிளஸ் ஒன்னில் அந்த முட்டுக்கட்டைகள் கிடையாது. 2018-ல் பாடத்திட்டம் மாறியபோது கணக்குப் புத்தகமும் கனத்தது. கணங்கள், சார்புகள், இயற்கணிதம் என்று தொடங்கி, காலாண்டு வருவதற்குள் முக்கோணவியல் வந்து வழிமறித்து நிற்கிறது. அதற்கப்புறம் நுண்கணிதம் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்த பிள்ளையை, "இனிமேல் இங்கிலீஷ் மீடியம்தான் கௌரவம்" என்று பிளஸ் ஒன்னில் மாற்றிவிடுகிறோம். 'சார்பு' என்றால் அவனுக்குத் தெரியும். 'ஃபங்ஷன்' என்றால் கல்யாண மண்டபம்தான் நினைவுக்கு வருகிறது! கணக்கு வராத பிள்ளை என்று நாம் முத்திரை குத்துகிறோமே, அவர்களில் எத்தனை பேருக்குக் கேள்வியே புரியவில்லை என்பதை விசாரித்தோமா?

இந்தக் கஷ்டம் நம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மட்டும் வந்ததல்ல. மதரஸாவில் ஓதியவர்களைக் கேளுங்கள். முதல் ஜும்ராவில் 'ஸர்ஃப்' என்று ஒரு பாடம் உண்டு. ஒரே வினைச்சொல்லைப் பதினான்கு விதமாக மாற்றிச் சொல்ல வேண்டும். ஆண், பெண், ஒருவர், இருவர், பலர், முன்னிலை, படர்க்கை என்று தலை சுற்றும். அதைத் தொடர்ந்து 'நஹ்வு' வரும். நாம் ஓதிய காலத்தில் அந்த இரண்டு மாதங்களில்தான் விடுதியில் பாய்கள் ஒவ்வொன்றாகக் காலியாகும். வயிற்றுவலி என்று ஊருக்குப் போன மாணவன் திரும்பி வரமாட்டான். தங்கியவர்கள் எல்லோரும் அவனைவிட அறிவாளிகளா? இல்லை. அவர்களுக்கு இஷாவுக்குப் பிறகு 'தக்ரார்' கிடைத்தது. அன்றைய பாடத்தை மூத்த மாணவர் ஒருவர் வட்டமாக உட்கார வைத்து மறுபடியும் சொல்லிக் கொடுப்பதற்குத்தான் தக்ரார் என்று பெயர். உஸ்தாதிடம் கேட்கக் கூச்சப்பட்ட சந்தேகத்தை அங்கே கேட்கலாம். அந்த வட்டத்தில் உட்கார்ந்தவன் தப்பித்தான், ஒதுங்கிப் படுத்தவன் ஊருக்குப் போனான்.

பிளஸ் ஒன் கணக்குக்கு நம் ஊரில் தக்ரார் எங்கே நடக்கிறது?

சென்ற ஆண்டு நம் கிளை அலுவலகத்துக்கு ஒரு தகப்பனார் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். ராஜபாளையத்தில் சிறிய துணிக்கடை. "இவனுக்குப் புத்தி சொல்லுங்க ஹஜ்ரத், கணக்கைப் படிக்க மாட்டேங்கிறான்" என்றார். புத்தி சொல்வதற்கு முன் விடைத்தாளைக் கேட்டோம். நமக்கும் முக்கோணவியல் தெரியாது. பொறியியல் மூன்றாமாண்டு படிக்கும் கிளைத் தம்பி ஒருவர்தான் உட்கார்ந்து பார்த்தார். சூத்திரங்கள் பெரும்பாலும் சரியாக எழுதியிருக்கிறான். அடுத்தடுத்த வரிகளில்தான் கோளாறு. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதியிருக்கிறான்! மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டிவிட்டான். ஆக, அவனுக்கு வராதது பிளஸ் ஒன் கணக்கல்ல. ஆறாம் வகுப்புப் பின்னம். அதை ஐந்து வருடமாக யாரும் கவனிக்கவில்லை, கையேடு மறைத்துவிட்டது. மூன்று வாரம், இஷாவுக்குப் பிறகு ஒரு மணி நேரம். அரையாண்டில் தேறினான், அல்ஹம்துலில்லாஹ். அவன் கணித மேதையாகி விடவில்லை. குரூப்பை விட்டுப் போகவும் இல்லை.

பின்னம் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நம் மார்க்கத்தில் பாகப்பிரிவினைச் சட்டம் முழுவதும் பின்னக் கணக்குத்தான். ஒருவர் மனைவி, தாய், இரண்டு பெண் மக்கள், ஒரு சகோதரனை விட்டு மரணிக்கிறார் என்றால் சொத்தை 24 பங்காக்க வேண்டும். மனைவிக்கு எட்டில் ஒன்று, 3 பங்கு. தாய்க்கு ஆறில் ஒன்று, 4 பங்கு. பெண் மக்களுக்கு மூன்றில் இரண்டு, 16 பங்கு. மீதி 1 பங்கு சகோதரனுக்கு. ஏன் 24? எட்டுக்கும் ஆறுக்கும் மூன்றுக்கும் பொதுவாக வகுபடும் மிகச் சிறிய எண் அதுதான். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி இயற்கணிதத்துக்கு எழுதிய நூலில் ஒரு பெரும் பகுதி இப்படிப்பட்ட வாரிசுக் கணக்குகள்தான். அந்த நூலின் பெயரில் உள்ள 'அல்ஜப்ர்' என்ற சொல்தான் இன்று உலகமெங்கும் 'அல்ஜீப்ரா'. அவருடைய பெயரிலிருந்து வந்ததுதான் கம்ப்யூட்டர்காரர்கள் சொல்லும் 'அல்காரிதம்'. பழம்பெருமை பேசி வயிறு நிறையாது என்பது நமக்கும் தெரியும். ஆனால் "கணக்கு நம்ம ஆளுங்களுக்கு வராது" என்று கடைத் திண்ணையில் உட்கார்ந்து சொல்கிறவரிடம் இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

தம்பி, உன்னிடம் நேரடியாகப் பேசுகிறோம். பயத்தைக் கொஞ்சம் எண்ணிப் பார். கணக்குத் தேர்வு எழுத்தில் 90 மதிப்பெண், அகமதிப்பீடு 10. அந்த 90-ல் ஒரு மதிப்பெண் கேள்விகள் மட்டும் 20. இரண்டு மதிப்பெண் கேள்விகள் ஏழு, அதற்கு 14. இந்த இரண்டு பகுதிகளை மட்டும் ஒழுங்காகப் பழகினாலே 34 ஆகிறது. அகமதிப்பீட்டையும் சேர்த்துப் பார். தேர்ச்சிக்குத் தேவை 35. மலை என்று நீ நினைப்பது மலை அல்ல, ஏறக்கூடிய மேடு. இன்னொரு செய்தி: 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது. பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை நடத்தாமலே இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே ஓட்டியதால் வந்த ஏற்பாடு அது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையில், அந்தத் தேர்வு நீக்கப்படும் என்று அறிவித்தார்கள். அரசுப் பொதுத்தேர்வு என்ற பூச்சாண்டி இல்லாத வருடத்தில் 18 வாங்கியதற்காக ஓடுவானேன்? அடித்தளத்தைச் சரி செய்துகொள்ளக் கிடைத்த மூச்சு அது. ஆனால் பிளஸ் ஒன் பாடத்தை மறுபடியும் தாண்டிக் குதிக்கும் பள்ளிகளும் இருக்கும். உன் வகுப்பில் பாடம் நடக்கிறதா என்று பெற்றோர் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

வணிகப் பெருமக்களே, உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. காலாண்டு முடிந்த கையோடு தீபாவளி வியாபாரம். பையன் மாலை ஐந்து மணிக்குப் பள்ளியிலிருந்து வந்து, இரவு பத்து மணி வரை கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கிறான். ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குச் சரக்கு எடுக்கப் போகிறான். பிறகு "கணக்கு ஏறவில்லை" என்றால் எங்கிருந்து ஏறும்? கணக்கு என்பது உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டிய பாடம். பஸ்ஸில் மனப்பாடம் செய்கிற பாடமல்ல. பிள்ளை கடைக்கு உதவுவது நல்ல பழக்கம்தான். ஆனால் தினமும் ஒன்றரை மணி நேரத்தை அவனுக்கு விட்டுக்கொடுக்காமல், அவனால் முடியாது என்று நீங்களே தீர்ப்பளிப்பது நியாயமா? ஒரு பிளஸ் ஒன் மாணவனுக்குப் பதிலாக மாலையில் நிற்க ஓர் ஆளைப் போட்டால் என்ன செலவாகும் என்று கணக்குப் பாருங்கள். அந்தக் கணக்கு உங்களுக்கு நன்றாக வரும்.

இனி பள்ளிக்கூடங்களின் விஷயம். விருதுநகர் மாவட்டம் பிளஸ் டூ தேர்ச்சியில் மாநிலத்திலேயே பெயர் பெற்ற மாவட்டம். 2018-லும் 2023-லும் முதலிடம். இதற்குப் பின்னால் ஆயிரக்கணக்கான ஆசிரியர்களின் உழைப்பு இருக்கிறது. அவர்களுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் 'நூற்றுக்கு நூறு' என்று வாசலில் தட்டி வைப்பதற்காக, தேறமாட்டான் என்று சந்தேகிக்கும் பிள்ளையை முன்கூட்டியே வெளியே அனுப்பும் பழக்கமும் அங்கங்கே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 14 வயது வரைதான் பேசுகிறது. பிளஸ் ஒன் பிள்ளைக்கு அந்தக் குடை இல்லை. அதனால்தான், "சொந்த விருப்பத்தில் டி.சி. கேட்கிறோம்" என்று பெற்றோரின் கையாலேயே எழுதி வாங்குகிறார்கள். அவசரப்பட்டு எழுதிக் கொடுக்காதீர்கள்! "யோசித்துச் சொல்கிறோம்" என்று எழுந்து வாருங்கள். கட்டாயப்படுத்தினால் விருதுநகரில் முதன்மைக் கல்வி அலுவலர் இருக்கிறார், மனு எழுதித் தர நம் கிளை இருக்கிறது.

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. "கணக்கு வரவில்லை, தனியார் பள்ளியில் நன்றாகச் சொல்லித் தருவார்கள்" என்று பிளஸ் ஒன் பாதியில் மாற்றாதீர்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020-லும், பொறியியல் முதலான தொழிற்படிப்புகளில் 2021-லும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு கொண்டுவரப்பட்டது. இடையில் தனியார் பள்ளிக்குப் போனால் அந்த வரிசையில் நிற்க முடியாது. 2007-ல் கிடைத்த 3.5 சதவீத இடஒதுக்கீட்டுக்காக இந்தச் சமுதாயம் எத்தனை மாநாடு, எத்தனை ஆர்ப்பாட்டம் நடத்தியது! பொறியியல் கலந்தாய்வில் தரவரிசைக்கான 200-ல் கணக்குக்கு மட்டும் 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50, 50. கணக்கே படிக்காத பிள்ளைக்கு அந்த இடஒதுக்கீடு அங்கே எப்படிப் பயன்படும்?

இவ்வளவும் சொன்னதால், எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு முதல் குரூப்பிலேயே கிடக்க வேண்டும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இழுத்துப் பிடித்து 40 வாங்கி, ஏதோ ஒரு பொறியியல் கல்லூரியில் கடன் வாங்கிச் சேர்ந்து, முதல் செமஸ்டர் கணக்கு அரியரை நான்கு வருடம் சுமந்து, பட்டமும் இல்லாமல் வேலையும் இல்லாமல் திரிகிற தம்பிகளையும் நாம் பார்க்கிறோம். கிருஷ்ணன்கோவிலில் 1984-லேயே பொறியியல் கல்லூரி வந்துவிட்டது. ராஜபாளையத்திலும் 2013-ல் ஒன்று வந்தது. கல்லூரி பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகவே எல்லோரும் இன்ஜினியர் ஆகிவிட முடியுமா?

நம் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவரைப் பாருங்கள். பால் அடிப்பிடிக்கிற வாசனை வந்ததும் சட்டியைக் கவிழ்த்துவிட்டு ஓடுவதில்லை. தீயைக் குறைத்து, அடி சுரண்டிக் கிண்டுகிறார். அப்படியும் தீய்ந்தால்தான் வேறு சட்டிக்கு மாற்றுகிறார். மாற்றுவதற்கு ஒரு பக்குவம் இருக்கிறது, நேரமும் இருக்கிறது.

அந்த நேரம்தான் இங்கே முக்கியம். காமர்ஸ் குரூப் எப்போது போனாலும் ஏற்றிக்கொள்ளும் பஸ் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப்பதிவியல் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு என்று வரிசையாகப் படி போல அடுக்கியிருக்கும். வியாபாரிகளுக்குப் பேரேடு புதிதல்ல. எதைப் பற்று எழுதுவது, எதை வரவு எழுதுவது என்பதை முதல் இரண்டு மாதத்தில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அக்டோபர் கடைசியில் போய் உட்காருகிறவனுக்கு அந்த அடிப்படை கிடைக்காது. கணக்கிலிருந்து தப்பி ஓடிக் கணக்குப்பதிவியலில் விழுவான்! ஆகவே மாறுவது என்று முடிவானால் உடனே மாற வேண்டும். விட்ட பாடங்களைச் சொல்லித்தர ஓர் ஆளையும் ஏற்பாடு செய்துகொண்டு மாற வேண்டும். பிளஸ் டூவில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், அங்கே குரூப் மாற வழியில்லை. மறுபடியும் பிளஸ் ஒன் வகுப்பில்தான் உட்கார வேண்டும்.

யார் மாறலாம்? மருத்துவம், நர்சிங் என்று மனதில் வைத்திருக்கும் பிள்ளைக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல்தான் தேவை. நீட் தேர்வில் கணக்கு இல்லை. பள்ளியில் தாவரவியல், விலங்கியல் உள்ள அறிவியல் குரூப் இருந்தால் தாராளமாக மாறலாம். சட்டம் படிக்க ஆசைப்படுகிறவனுக்கு ஐந்தாண்டுச் சட்டப்படிப்பில் எந்தக் குரூப்பும் தடையில்லை. சி.ஏ. படிக்கவும் பிளஸ் டூவில் இன்ன குரூப்தான் என்று இல்லை. ஆனால் காமர்ஸ் படித்திருந்தால் வழி சுலபம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து நம் கடைக்காரர்கள் ஆடிட்டர் அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறோமே, அந்த நாற்காலிகளில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்? கைவேலையில் ஆர்வம் உள்ளவனுக்குப் பாலிடெக்னிக் இருக்கிறது. ராஜபாளையத்திலேயே பி.ஏ.சி. ராமசாமி ராஜா பாலிடெக்னிக் 1963 முதல் நடக்கிறது. டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாமாண்டு பொறியியலில் சேரவும் முடியும். ஆனால் அங்கேயும் முதல் வருடம் கணக்கு உண்டு. கணக்குக்குப் பயந்து அங்கே போகிறவன் இதைத் தெரிந்துகொண்டு போகட்டும்.

ராமேஸ்வரத்து அப்துல் கலாம் திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் பட்டம் படித்தார். அது தன் பாதை அல்ல, பொறியியல்தான் தன் பாதை என்று பட்டம் பெற்ற பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. மாறினார். சென்னை எம்.ஐ.டி.யில் சேரப் பணமில்லை. சகோதரி நகையை அடகு வைத்துக் கொடுத்தார். அங்கே ஒரு விமான வடிவமைப்புப் பணியில் பேராசிரியருக்குத் திருப்தி இல்லை. மூன்று நாளில் முடிக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்று சொல்லிவிட்டார். அப்போது கலாம் துறையை மாற்றிக்கொள்ளப் போகவில்லை. இரவெல்லாம் வரைபலகையின் முன் உட்கார்ந்து முடித்தார். மாறியவரும் அவர்தான், மாறாமல் உட்கார்ந்தவரும் அவர்தான். வரைபலகையை விட்டு எழுந்துபோயிருந்தால் திரும்பிப் போக அவருக்கு ராமேஸ்வரம்தான் இருந்தது, அடகில் வைத்த நகை மூழ்கியிருக்கும்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பையன் 18 வாங்கினால் கடையைப் பற்றிப் பேசுகிறோம். பெண் 18 வாங்கினால் மாப்பிள்ளையைப் பற்றிப் பேசுகிறோம்! வயது என்னவோ பதினாறுதான். பெண் பிள்ளை வீட்டில் வாயைத் திறந்து "எனக்கு ஒரு டியூஷன் வேண்டும்" என்று கேட்கத் தயங்குகிறாள், கேட்டால் "இரவில் எங்கே போவாய்" என்கிறோம். கல்லூரியில் படிக்கும் சகோதரிகள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலேயே, அஸருக்குப் பிறகு, நான்கு பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கலாம். தூரமும் இல்லை, இரவும் இல்லை.

இந்த ஆண்டு இரண்டு ஊர்களிலும் தக்ராரைத் தொடங்குகிறோம், இன்ஷா அல்லாஹ். இஷாவுக்குப் பிறகு ஒரு மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள். பொறியியலும் கணிதமும் படிக்கும் கல்லூரித் தம்பிகள் சொல்லிக் கொடுப்பார்கள். முதல் இரண்டு வாரம் பின்னம், குறியீடு, பத்தாம் வகுப்பு இயற்கணிதம். அதன் பிறகுதான் முக்கோணவியல். கட்டணம் கிடையாது. எந்தச் சமுதாயத்துப் பிள்ளை வந்து உட்கார்ந்தாலும் வரவேற்போம். கரும்பலகையும் விளக்கும் ஜமாஅத் தரட்டும், பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேரத்தைக் கடைக்காரர் தரட்டும். ஆறு வாரம் ஒழுங்காக வந்தும் ஒரு பிள்ளைக்கு ஏறவில்லை என்றால், அதை மறைக்காமல் பெற்றோரிடம் சொல்லி, எந்தக் குரூப்பில் இடம் இருக்கிறது என்று தலைமையாசிரியரிடம் நாமே கூட வந்து பேசுவோம்.

காலாண்டு விடுமுறை தொடங்கும் முதல் ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் கிளை அலுவலகங்களுக்குப் பிள்ளையோடு வாருங்கள். மதிப்பெண் அட்டை வேண்டாம். கணக்கு விடைத்தாளையும், பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.